பந்து போன பிறகு

ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தும்பி எழுதுகிறேன். முழு நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். வலது முட்டி நீங்கலாக மற்றதெல்லாம் நலம். நீ எப்படி இருக்கிறாய்? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை வழக்கம்போல பிஸ்கட்டிலேயே ஓட்டுகிறாயா?

மேட்ச் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் வாசலில் யார் நிழல் விழுந்தாலும் நீதானோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். நம் அம்மா டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரம்மா கேட்டேவிட்டார். "யாரம்மா இப்படி எதிர்பாக்குற, கட்டிக்கப் போறவரையா?"

"இல்லைங்க, என் கால ஒடச்சவள" என்றேன். அவருக்குத் தலை சுற்றிவிட்டது.

பிறகு பொறுமையாக விளக்கினேன். நானும் என் அக்காவும் வேறு வேறு காலேஜ், எதிரெதிர் ஃபுட்பால் டீம், ஒரே பந்துக்கு இரண்டு பேரும் ஓடினோம், மோதிக்கொண்டோம், அவ்வளவுதான் என்று. "அப்புறம் உன்ன யாரு தூக்குனா?" என்றார். "அவளேதான். ஸ்ட்ரெச்சர் வர்றதுக்குள்ள என்னத் தூக்கிட்டு கோட்டுக்கு வெளிய வந்துட்டா" என்றேன். சாயந்திரத்துக்குள் அந்த வார்டு முழுக்க உன் புகழ்தான். எனக்கு ஊசி போட வந்த நர்ஸ்கூட, "தூக்கிட்டு ஓடி வந்தாங்களே, அந்த அக்காவோட தங்கச்சி நீங்கதானா?" என்று கேட்டாள்.

டாக்டர் சொன்னது இது. மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது. கத்தி வைக்க வேண்டாம். ஆறு வாரம் காலை மடக்காமல் பட்டை, பிறகு உடற்பயிற்சி, ஆறு மாதத்துக்கு மைதானத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது. அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் முழுதாகப் போய்விடும், அப்புறம் மாடிப்படி ஏறுவதற்கே யோசிக்க வேண்டும் என்றார்.

நான் உன்மேல் கோபமாக இருப்பேன் என்று நினைத்து எழுதாமல் இருந்தால், நீ ஒரு மண்டு. இரண்டு பேர் மோதினால் ஒருத்தி விழத்தான் வேண்டும். உன் எடைக்கு நான் விழுந்தேன். எழுது.

உன் அன்புத் தங்கை
தும்பி


செப்டம்பர் 16

அன்புள்ள தும்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். நீ சீக்கிரம் தேறி வர வேண்டும்.

பட்டையை நீயாகக் கழற்றாதே. குளிக்கும்போது மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொள். படுக்கும்போது காலுக்கடியில் தலையணை இருக்கட்டும். மாடி அறையிலிருந்து கீழே மாற்றித் தரச் சொல்லி வார்டனிடம் எழுதிக் கொடு, வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். ஒற்றைக் கோலுக்கு வந்த பிறகு அதை இடது கையில் ஊன்ற வேண்டும். அடிபட்ட பக்கம் ஊன்றக்கூடாது. எல்லோரும் தப்பாகத்தான் ஊன்றுவார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை. பரீட்சை இருந்தது.

நாங்கள் அடுத்த மூன்று மேட்சிலும் ஜெயித்தோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு காலில் நின்று எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதலாம், ஆனால் நிற்க முடிகிறது என்பதற்காகவே ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன். நீ நலம்தானே?

உன் கடிதம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, அந்தச் சீட்டு மாதிரி இருந்தது. கோலை எந்தக் கையில் ஊன்றுவது என்று எழுதினாய், எனக்கு வலித்ததா என்று கேட்கவில்லை. உங்களுக்கு ஆகஸ்டில் பரீட்சை என்பதும் புதுச் செய்தி. இரண்டு காலேஜும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே கால அட்டவணை என்று நினைத்திருந்தேன். எங்களுக்கு நவம்பரில்தான். போகட்டும்.

பட்டை கழற்றியாகிவிட்டது. தினமும் பயிற்சிக்குப் போகிறேன். அங்கே இருக்கும் பிசியோ மேடத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'இன்னும் பத்து'. கணுக்காலில் மணல் மூட்டையைக் கட்டித் தூக்கச் சொல்வார். இருபது முடித்து மூச்சு வாங்கினால், "சூப்பர்ம்மா, இன்னும் பத்து" என்பார். முதுகைச் சுவரில் சாய்த்து, நாற்காலியே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கச் சொல்வார். தொடை தீப்பிடிக்கும். "முடியல மேடம்." "முடியலன்னு பேச முடியுதுல்ல, இன்னும் பத்து."

இங்கே எங்கள் டீம் அரையிறுதிக்கு வந்துவிட்டது. நான் இல்லாமலே. சந்தோஷமாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. சாயந்திரம் மைதானத்து ஓரத்தில் போய் உட்காருவேன். சார் பக்கத்தில் வந்து நிற்பார். "கால் எப்படிம்மா இருக்கு?" என்பார். "பரவாயில்ல சார்." "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வா என்றும் சொல்வதில்லை, வராதே என்றும் சொல்வதில்லை. அந்தச் 'சரி'யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அரையிறுதியில் ஜெயித்தால் ஃபைனல் டிசம்பர் 21. எதிரில் எப்படியும் நீங்கள்தான் இருப்பீர்கள். எங்கள் காலேஜ் ஆரம்பித்த நாளிலிருந்து ஃபைனலைப் பார்த்ததில்லை. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்களும் வருகிறார்களாம். டிசம்பர் 21 என்றால் நாலு மாதம். டாக்டர் சொன்னது ஆறு. நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் என்ன பெரிய கடலா இருக்கிறது?

நீ என்ன சொல்கிறாய்?

உன் அன்புத் தங்கை
தும்பி


நவம்பர் 8

என் பெரிய மகளுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்குத்தான் கால் வலி. பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால், அதைச் சரிசெய்யப் போகிறவர் படியேறித்தானே போக வேண்டும்? ஊரையே ஏற்றி இறக்குகிற மனுஷன், தான் மட்டும் நடக்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? இருமல் நின்றுவிட்டதா?

சின்னவள் விஷயமாக எழுதுகிறேன். அவர்களும் ஃபைனலுக்கு வந்துவிட்டார்களாம். ஆடப் போகிறேன் என்கிறாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பதினெட்டு வருஷமாகத் துணி பார்க்கிறவள் நான். பாதி கிழிந்த விரிப்பு மீதியும் கிழிய ஒரு உதறல் போதும். இதைச் சொன்னால், "அம்மா, நான் ஒண்ணும் பெட்ஷீட் இல்ல" என்கிறாள்.

அப்பாவாவது தடுப்பார் என்று பார்த்தேன். "ஆசப்படுறா, ஆடட்டும் விடு" என்கிறார். "ஒரு இழை பிரிஞ்ச கயிறுல நீங்க ஆள ஏத்துவீங்களா?" என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

நீ சொன்னால் அவள் கேட்பாள். எழுது.

இன்னொன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மேட்சுக்கு அடுத்த வாரம் நீ வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருந்தாய். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து உன் பூட்ஸை ஒரு மணி நேரம் தேய்த்தாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் மண்ணே இல்லை.

மோதல் என்றால் மோதல். விளையாட்டில் நடக்கிறதுதானே? நான் தோண்டித் துருவவில்லை. உனக்குச் சொல்லத் தோன்றும்போது சொல்.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

அம்மா


நவம்பர் 15

அன்புள்ள தும்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம்.

நீ ஃபைனலில் ஆடப் போகிறாய் என்று அம்மா எழுதியிருந்தாள். ஆடாதே. டாக்டர் ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான். நாலு மாதத்தில் இறங்கினால் உனக்குப் பழைய வேகம் வராது. தாங்கித் தாங்கி ஓடுகிறவளை உங்கள் டீமில் பத்துப் பேர் சேர்ந்து சுமக்க வேண்டியிருக்கும். தேர்வாளர்கள் வருகிறார்கள் என்று குதிக்கிறாய். அவர்கள் பார்க்கப் போவது பயந்துபோன ஒரு காலை. அதற்குப் பேசாமல் வெளியே இருந்தால் மரியாதையாவது மிஞ்சும்.

உனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. என்ன அவசரம்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா


நவம்பர் 24

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். மேலே தெரிகிறதா? தெரியட்டும்.

நான் நலம். கால் நலம். மனசு நலமில்லை.

டாக்டரிடம் போனேன். "ஓடலாமா?" என்று கேட்டேன். "ஓடலாம்" என்றார். "ஆடலாமா?" பேனாவை மூடி வைத்தார். "என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன். நேரா ஓடுற வரைக்கும் ஒண்ணுமில்ல. பக்கத்துல இருந்து ஒரு இடி வாங்குனா, அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார். அவர் வேண்டாம் என்று சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என் காலைப் பற்றிப் பேசினார். நீ என்னைப் பற்றிப் பேசினாய்.

உனக்கு இது கடைசி வருஷம். கோப்பை வேண்டும். நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் சுலபம். அதை நேராகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சுமக்க வேண்டியிருக்குமாம், மரியாதை மிஞ்சுமாம். என் வேகத்தைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். பதினைந்து வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்து, குளியலறைக்கு ஒரு நாளும் என்னை முந்திப் போக முடியாத நீ பேசாதே.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

தும்பி


டிசம்பர் 1

தும்பிக்கு,

கோப்பை எனக்கு வேண்டாம். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நீ ஆடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீ எழுதியதில் எனக்குக் கோபமில்லை. காரணத்தை எழுத முடியவில்லை. ஆடாதே.

அக்கா


டிசம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நாலு வரிக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எழுதி எழுதி அழித்ததில் காகிதம் ஒரு இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது. நலமா என்றுகூடக் கேட்கவில்லை நீ. அப்படியானால் நிஜமாகவே நலமில்லை என்று அர்த்தம். போன கடிதத்தில் நான் கத்தியது தப்பு. கோப்பைக்காக அலைகிறவள் நீ இல்லை என்று எனக்குத் தெரியாதா? என்னைப் பற்றிய பயத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டாய். அம்மாவும் பயந்தால் திட்டத்தான் செய்வாள். அவளுக்குப் பிறந்தவள்தானே நீ.

'இன்னும் பத்து' மேடம் பரீட்சை வைத்தார். ஒற்றைக் காலில் தாவ வேண்டும். இடது காலில் எவ்வளவு தூரம் போனேனோ, வலது காலில் அதைவிட ஒரு சாண்தான் குறைவு. "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம். டாக்டரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சார் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டார். "கடைசி இருபது நிமிஷம் மட்டும். நீ கண்ணக் காட்டுனா போதும், உடனே வெளிய எடுத்துருவேன்" என்றார்.

எனக்கு இருக்கும் பயம் ஒன்றே ஒன்று. பக்கவாட்டிலிருந்து வரும் இடி. அதையும் யோசித்துப் பார்த்தேன். என்னைப் பிடிக்க அந்தப் பக்கம் நிற்கப் போவது யார்? நீதானே. வேறு ஒருத்தியாக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்?

இருபத்தொன்றாம் தேதி பார்ப்போம். தோற்றால் அழாதே.

உன் அன்புத் தங்கை
தும்பி


டிசம்பர் 13

தும்பி,

உன்னை நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்' என்று எழுதியிருந்தாய். நாலு நாளாக அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

ஆகஸ்ட் மேட்சில் இடைவேளையின்போது நீங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தீர்கள். அதைப் போட்டது நீ. எங்கள் கோச் மேடம் உடை மாற்றும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கத்தவில்லை, அவர் கத்துகிற ஆளில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "ஒம்பதாம் நம்பர் வலது கால்லதான் திரும்புறா. அந்தக் கால் இல்லேன்னா அவ இல்ல" என்றார். "யார் பாத்துக்கிறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் குனிந்து ஷூ கயிற்றைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக என்னைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் நிற்பது நான்தானே.

எங்கள் கோல்கீப்பர் மட்டும் வாயைத் திறந்தாள். "மேடம், அது இவ தங்கச்சி."

மேடம் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "வெளிய நீ அவளுக்கு அக்கா. சரி. உள்ள நீ யாரு?"

நான், "டிஃபென்ஸ்" என்றேன்.

அவ்வளவுதான். யாரும் என் கையை முறுக்கவில்லை. முடியாது என்றால் அதிகபட்சம் வெளியே உட்கார வைத்திருப்பார். அதற்குத்தான் பயந்தேன்.

இரண்டாம் பாதியில் பதினேழாவது நிமிஷம். நீ பந்தைத் தட்டிவிட்டாய். அது என்னைத் தாண்டிப் போய்விட்டது. போனதை நான் பார்த்தேன். இதை நீ நன்றாகப் படித்துக்கொள். பந்து போன பிறகு நிற்பதற்கு எனக்கு நேரம் இருந்தது. நான் நிற்கவில்லை. நீ ஊன்றியிருந்த காலின்மேல் பக்கத்திலிருந்து வந்து விழுந்தேன். ஜவ்வு கிழிய வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் நொண்டுவாய், வெளியே எடுத்துவிடுவார்கள் என்றுதான் கணக்குப் போட்டேன். அப்படிச் சொல்வதால் எதுவும் குறைந்துவிடாது என்று தெரியும்.

பிறகு உன்னைத் தூக்கினேன். நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா" என்றாய். அடிபட்டவள் அடித்தவளுக்கு ஆறுதல் சொன்னாய். அதற்கப்புறம் எந்த முகத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பது?

பரீட்சை எதுவும் இல்லை. அது உனக்கே தெரியும்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் மேடம் என்னைக் கூப்பிட்டார். "இந்தத் தடவ பெருசா ஒண்ணும் வேண்டாம். லேசாப் பட்டாலே போதும்" என்றார். நான் மாட்டேன் என்றேன். முகம் மாறாமல், "சரி, அப்போ அந்த ரெண்டாம் வருஷப் பொண்ணு நிக்கட்டும்" என்றார். அவளுக்கு நீ யாரோ. நான் ஆடினாலும் அவர் இன்னொருத்தியை ஏவுவார். ஆடாவிட்டாலும் ஏவுவார். உன்னைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஆடாதே என்று உன்னை எப்படியாவது நம்ப வைப்பது. அதற்காகத்தான் உன் வேகத்தைப் பற்றி அப்படி எழுதினேன். நிஜத்தைச் சொல்லாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

இன்று காலை போட்டிக் குழு அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆகஸ்டில் நான் செய்ததையும் சேர்த்துத்தான். என்ன செய்வார்கள் என்று தெரியாது. இந்தக் கடிதத்தை உங்கள் சாரிடம் காட்டுவதானால் காட்டு.

ஆடுவதா வேண்டாமா என்பதை இதுவரை பாதி விஷயம் தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்தாய். இனிமேல் தெரிந்து முடிவு செய்.

அக்கா


ஜனவரி 5

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நம்ப மாட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் கால் வலி எப்படி இருக்கிறது?

பூட்ஸைப் பற்றி நவம்பரில் கேட்டிருந்தாய். தும்பியின் காலை நான் வேண்டுமென்றேதான் அடித்தேன், அம்மா. மேடம் சொன்னார், நான் செய்தேன். அவளுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இருபது நாளாகப் பதில் இல்லை. விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வருவாள் என்றுதான் நான் வரவில்லை.

போட்டிக் குழுவில் விசாரித்தார்கள். எங்கள் டீமில் ஐந்து பேரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நாலு பேர் எதுவும் காதில் விழவில்லை என்றார்கள். கோல்கீப்பர் மட்டும் விழுந்தது என்றாள். "தங்கச்சி டீம் ஜெயிக்கணும்னு கத கட்டுறா" என்று மேடம் சொல்லியிருக்கிறார். கடைசியில் மேடத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஃபைனலுக்கு மைதானத்தில் கூடுதலாக ஒரு கண்காணிப்பாளர். என்னை டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். ஹாஸ்டலில் நான் போய் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகிவிடுகிறது.

ஃபைனலை நான் போய்ப் பார்த்தேன். டிக்கெட் வரிசையில் நின்று, எதிர்ப்பக்கப் படிக்கட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தும்பி அவர்கள் டீம் பெஞ்சில் ஜெர்சிக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இருந்தாள். ஆக, ஆடத்தான் வந்திருக்கிறாள். எங்கள் காலேஜ் ஒரு கோல் போட்டிருந்தது. இருபது நிமிஷம் இருக்கும்போது அவர்கள் சார் திரும்பிப் பார்த்தார். அவள் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே வந்து நின்றாள். அவர்கள் காலேஜ் பெண்கள் எல்லாரும் எழுந்து கத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர், "யாரும்மா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். என் தங்கை என்று சொல்ல வாய் வரவில்லை.

பந்து வெளியே போவதற்காக அவள் காத்திருந்தாள். எங்கள் இரண்டாம் வருஷப் பெண் அவளுக்கு நேர் எதிரில் பத்தடி தூரத்தில் நின்றாள். தும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பந்து வெளியே போயிற்று. நடுவர் கையைக் காட்டினார். அவள் சாரிடம் திரும்பி ஏதோ சொன்னாள். அவர் அவள் தோளைத் தட்டினார். அவள் போய் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கத்திக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

ஒன்றுக்குப் பூஜ்யம். அவர்கள் தோற்றார்கள். எங்களுக்குக் கோப்பை.

மேட்ச் முடிந்ததும் அவள் நிமிர்ந்து படிக்கட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நான் எழுந்து நின்றேன். அவள் திரும்பிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே சொல்லிவிடு. நான் வீட்டுக்கு வரலாம் என்று நீ எழுதினால் வருகிறேன்.

உன் பெரிய மகள்


பிப்ரவரி 23

அக்காவுக்கு,

தும்பி எழுதுகிறேன். நான் நலம். நீ?

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டும் திட்டு. மூன்றாவது ரொம்பப் பெருந்தன்மையாக இருந்தது, எனக்கே பிடிக்கவில்லை.

விடுமுறை முடிகிற சமயத்தில் நீ அம்மாவுக்கு எழுதிய கடிதம் வந்தது. அவள் அதை எனக்கும் அப்பாவுக்கும் சத்தமாக வாசித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய் மடித்து வைத்த துணியையெல்லாம் பிரித்துத் திரும்ப மடித்தாள். பிறகு வந்து மீதியை வாசித்தாள். அப்பா அன்று டிவியைப் போடவில்லை. நீயே எழுதியது நல்லது. நான் சொல்லியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

உன் கடிதத்தை சாரிடம் காட்டவில்லை. குழுவிலிருந்து அவருக்குத் தகவல் வந்திருந்தது. "உங்கக்கா பேர்ல ஒரு புகார் வந்திருக்கு. எழுதிக் குடுத்ததும் உங்கக்காதான்" என்றார். ஆடுவது என் இஷ்டம் என்றார். நான் ஆடுவேன் என்றேன். நிஜமாகவே ஆடத்தான் வந்தேன். உன் மேடம் ஏவினால் ஏவட்டும், அடித்தால் அடிக்கட்டும், உன் கண்ணெதிரில் அடிபட்டு விழ வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு வெறி இருந்தது.

கோட்டருகே நின்றபோது அந்த இரண்டாம் வருஷப் பெண்ணைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் வந்தும் அவளிடம் சொல்லியாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் யாராவது தங்கை இருக்கலாம். நான் உள்ளே போனால் என் கால் போகும். அவளுக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும், உன் கடிதத்தில் படித்திருந்தேன். சாரிடம், "இன்னிக்கு வேண்டாம் சார்" என்றேன். உனக்காக உட்காரவில்லை. என் காலுக்காகவும் இல்லை. பயமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நீ அடித்ததைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன் என்று தோன்றுகிறது. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாயே, அதுதான் ஆறவில்லை. நாலு மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊசி போட வந்தவளிடம்கூட. நீயும் என்னைச் சொல்லவிட்டாய்.

இப்போது கால் முழுதாகச் சேர்ந்துவிட்டது. ஆறு மாதமும் முடிந்துவிட்டது. டாக்டர் இந்தத் தடவை முகத்தைச் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஆனால் பக்கத்தில் யாராவது ஓடி வந்தால் என் கால் என்னைக் கேட்காமலே பின்னால் போய்விடுகிறது. பந்தை விட்டுவிடுகிறேன். 'இன்னும் பத்து' மேடம் பார்த்துவிட்டு, "இதுக்கு என்கிட்ட மணல் மூட்ட இல்லம்மா" என்றார். எங்கள் டீம் பெண்களை வேகமாக வந்து பந்தைப் பறிக்கச் சொன்னால், கண்ணாடிச் சாமான் கடைக்குள் நடப்பது மாதிரி வருகிறார்கள். அதனால் பிரயோஜனம் இல்லை.

நீ வர வேண்டும். அடுத்த சனிக்கிழமை காலை, எங்கள் காலேஜ் மைதானம். நான் பந்தோடு வருவேன். நீ பக்கத்திலிருந்து முழு வேகத்தில் வா. என்னைப் பாவம் பார்த்து மெதுவாக வந்தால் அப்போதே உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன். பந்துக்கு வா. எத்தனை தடவை என்று இப்போது தெரியாது. என் கால் நம்புகிற வரைக்கும்.

நான் உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வராதே. அம்மாவிடமும் அப்படிச் சொல்லாதே. பேசுவதற்கு எதையும் மனப்பாடம் செய்துகொண்டும் வராதே.

ஆறரைக்கே வந்துவிடு. எட்டு மணிக்கு ஹாக்கிக்காரிகள் மைதானத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

தும்பி